உண்கலமும் உரிமையும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழு அன்பர்கள் கேட்டபொழுது, தலைவர்களின் வரலாற்றையோ கல்வியின் சிறப்பையோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின் எம். புதுப்பட்டியில் நடந்த விழாக்குழுவின் முதற்கூட்டத்தில் எழுந்த ஒரு வழக்கு நம் எண்ணத்தை மாற்றிற்று. விழா விருந்து சைவமாக இருத்தல் வேண்டுமா, புலாலும் சேர்தல் வேண்டுமா என்பதே அவ்வழக்கு. "வெளியூர்ப் பெரியவர்கள் வருவார்கள், பிற தெருக்காரர்களையும் அழைக்கிறோம், சாம்பாரும் பாயசமும் என்றால் ஒருவரும் முகஞ்சுளிக்க மாட்டார்கள்" என்றனர் ஒரு சாரார். "நம் வீட்டு விழாவில் நம் வீட்டுச் சோற்றைப் போட ஏன் கூச வேண்டும்?" என்று கேட்டார் பட்டாசு ஆலையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர். கையுயர்த்தச் சொன்னார்கள். நாம் சைவத்துக்கே கையுயர்த்தினோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கை நமக்குச் சுமையாயிற்று. அச்சுமையை இறக்கும் பொருட்டே உணவின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பண்டைத் தமிழர் உணவை எவ்வாறு கண்டனர் என்பதை முதலிற் காண்போம். தொல்காப்பியம் ஐவகை நிலங்களின் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை முதலில் வைத்து, அதற்கு அடுத்தபடியாக உணவை வைக்கிறது. மலைக்குத் தினை, காட்டுக்கு வரகு, வயலுக்கு நெல், கடலுக்கு மீன் என உணவு நிலத்தின் பிள்ளையாகக் கருதப்பட்டது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணன் வழிநெடுக உண்டு செல்கிறான். எயினர் குடியில் எறும்புப் புற்றைத் தோண்டி எடுத்த புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். முல்லை நிலத்தில் வரகும் அவரையும். உழவர் இல்லத்தில் வெண்சோறும் கோழிப் பொரியலும். அந்தணர் இல்லத்தில் அரிசிச் சோறும் மாவடுவும். அவன் ஒவ்வோர் இல்லத்திலும் உண்கிறான். எவ்விடத்திலும் அவனுக்கெனத் தனிக்கலம் எடுத்து வைக்கப்பட்டதாகச் செய்தியில்லை. அந்தணப் புலவராகிய கபிலர், தம் கை மென்மையாயிருப்பதற்குக் காரணம் கேட்ட சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம், ஊனும் கறியும் சோறும் உண்டு வருந்துவதன்றி வேறு தொழிலறியாத கை இது என்று கூசாமல் விடையிறுத்தமையைப் புறநானூற்றில் மாணவர் பயில்கின்றனர். அக்காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. உண்ணும் பொருளைக் கொண்டு ஒருவனின் நிலத்தை அறிந்தார்கள். பிறப்பை அளக்கவில்லை என்பதளவே நம் கருத்து.

பின்னர் இம்முறை தலைகீழாயிற்று. அது எவ்வாறு, எந்நூற்றாண்டில் என்பதை ஆராய்ச்சியாளர்க்கு விட்டுவிடுவோம். ஒரு சொல்லை மட்டும் சுட்டுதல் போதும். புலால் நீக்கிய உணவுக்கு இன்று நாம் வழங்கும் பெயர் 'சைவம்'. ஒரு சமயத்தின் பெயர் ஓர் உணவுக்கு ஆகிவந்தது. ஆனால் அச்சமயத்தின் அடியார் வரலாற்றைக் கூறும் பெரியபுராணத்திலேயே, காளத்தி மலையில் கண்ணப்பர் பன்றியிறைச்சியைச் சுட்டு, சுவைத்துப் பார்த்து, இறைவனுக்குப் படைக்கிறார்; இறைவனும் ஏற்கிறான். இறைவன் ஏற்றதை உணவுவிடுதிப் பலகை ஏற்கவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கரிசல், வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி, கேழ்வரகு, பருத்தி, மிளகாய், மல்லி ஆகியவையே இதன் விளைபொருள்கள். நெல் விளைந்த இடங்கள் கண்மாய்ப் பாசனத்தைச் சார்ந்தவை. நம்மவர்க்கு அங்கே நிலம் அரிது, வேலைதான் உண்டு. அவ்வேலைக்கும் கூலி தானியமாகவே அளக்கப்பட்டது. மாலையில் அன்னையர் மடியில் கம்பை வாங்கி வந்து, உரலில் இடித்து, புடைத்து, உலையிலிட்டு இறக்கும்போது இரவு வெகுநேரமாகிவிடும். உறங்கிவிட்ட பிள்ளைகளை எழுப்பி உருண்டையாகக் கையில் வைப்பார்கள். மிஞ்சியதை நீரில் போட்டு வைத்தால் மறுநாட் காலைக்குக் கூழ். வெஞ்சனத்துக்கு வெங்காயம், சுட்ட கருவாடு, கானப்பயற்றுத் துவையல், மழை பெய்தால் வரப்போரத்துக் கீரை. நெற்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும் விருந்தாளி. நியாயவிலைக் கடைகளில் 2008-ஆம் ஆண்டு கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011-ஆம் ஆண்டு சூன் முதல் விலையின்றியும் அரிசி வழங்கப்பட்ட இக்காலத்தில் பிறந்தோர்க்கு, நெற்சோற்றைக் கண்டு ஒரு தெருவே மகிழ்ந்த செய்தி கதைபோலத் தோன்றும்.

ஒன்றை மறத்தலாகாது. கரிசலில் கம்மஞ்சோறு உண்டவர்கள் நாம் மட்டுமல்லேம். மேலத்தெருக்காரரும் அதையே உண்டனர். குதிரைவாலிச் சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொள்ள மாடு அவர்களிடம் இருந்தது என்பதைத் தவிர, கும்பாவில் இருந்த பொருளில் பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை கும்பாவில் இருந்தது. யார் தொட்டது, எங்கே அமர்ந்து, எதில் வாங்கி என்பவற்றில் இருந்தது.

1977-ஆம் ஆண்டளவில், நாம் முதல் வகுப்பிற் பயின்ற காலம். பாட்டனாருடன் பருத்தி மூட்டை ஏற்றிய வண்டியின் பின்னே நடந்து, வழியிலிருந்த ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். கடையின் கூரைக் கம்பில் இரண்டு சிரட்டைகள் செருகப்பட்டிருந்தன. பாட்டனார் ஒன்றை எடுத்துக் கழுவி நீட்டினார். எட்ட நின்று தேநீரை ஊற்றினார்கள். "தாத்தா, எனக்குக் கண்ணாடிக் கிளாசுல" என்று நாம் கேட்டோம். கடையில் அமர்ந்திருந்தோர் சிரித்தனர். பாட்டனார் சிரட்டையிலிருந்ததை மண்ணில் ஊற்றிவிட்டு, சிரட்டையை இருந்த இடத்திலேயே செருகி, நம் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நெடுந்தொலைவு பேசவில்லை. பிறகு, "வீட்டுல போய்க் கூழு குடிப்பமய்யா" என்றார். அதன்பின் அவர் மறையும் வரை வெளியிடத்தில் தேநீர் அருந்தி நாம் கண்டதில்லை. அவர் எந்தக் கட்சியிலும் இருந்தவரல்லர். அவருடைய மறியல் அவ்வளவே.

இத்தகைய செய்தியை நம் மாவட்டத்திலேயே, மேற்கு மலையடிவாரத்தில் உள்ள மற்றொரு புதுப்பட்டியில் பிறந்த ஆசிரியை பாமா தம் 'கருக்கு' நூலில் (1992) உலகறியச் செய்தார். தெருவில் முதியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணத்தைச் சொல்லும்போது சிரிப்பு அகல்கிறது. பொட்டலத்தைச் சுமக்கலாம், தொடுதல் கூடாது. தூக்கிச் செல்வோனின் பசியைப் பற்றி எவரும் எண்ணவில்லை. நம் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல் அது.

இவ்விழிவைப் பொதுமேடையில் எதிர்த்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் நமக்கும் உரியவை என்றது. 1927 மார்ச்சு 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாராட்டிரத்து மகாடு நகரில் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அருந்தினார். நாய்க்கும் மாட்டுக்கும் மறுக்கப்படாத நீர் அது. இவற்றுக்கிடையே நம் நாட்டில் பெரும்புயலாக வீசியது சேரன்மாதேவி குருகுல வழக்கு. வ. வே. சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்தில் பார்ப்பன மாணவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது என்பதறிந்து வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தனர். 1925-இல் காங்கிரசே அதனால் ஆட்டங் கண்டது. அக்கொதிப்பு நியாயமானது; அதனால் விளைந்த நன்மையும் பெரிது. எனினும் நம் மனத்தில் ஓர் எண்ணம் எழாமலில்லை. பிறர் பந்தியில் தமக்கு இடமில்லை என்று அன்று சினந்த குடும்பங்கள் பலவற்றின் திண்ணையோரத்தில் நமக்கான சிரட்டை அசையாமலே இருந்தது.

கடல் கடந்த தமிழரிடையேயும் இதுவே வழக்கு. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் 1920-களில் 'சம ஆசனம், சம போசனம்' என்னும் குரல் எழுந்தது. அதே யாழ்ப்பாணத்தில் 1960-களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைக்குள் நுழைவதற்கே ஓர் இயக்கம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்சுபரோ நகரத்துக் கடையொன்றில் கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையர்க்குரிய உணவுமேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர், கொடுக்கப்படவில்லை, மறுநாளும் வந்து அமர்ந்தனர். ஒரு குவளை காப்பிக்காகவா இத்தனை போராட்டம் என்று கேட்பவர் அக்குவளை மறுக்கப்படாதவராகவே இருத்தல் கூடும்.

நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு உணவு விடுதிகளையும் கிணறுகளையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. 1955-இல் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றச் சட்டம், விடுதியில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றங்களின் பட்டியல் எதிலிருந்து தொடங்குகிறது என்பதை இளைஞர்கள் எடுத்துப் பார்த்தல் நலம். உண்ணத்தகாததை உண்ணவோ பருகவோ வற்புறுத்துதல் என்பதே அங்கு முதலாவது. அது வெற்றுச் சொல்லன்று என்பதை 2002-இல் திருச்சி மாவட்டத்துத் திண்ணியம் காட்டிற்று. அங்கே நடந்ததை விரித்தெழுதக் கை வரவில்லை.

இந்நெடிய வரலாற்றில் நமக்கு நிறைவளிப்பது பள்ளிப் பந்தி. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் சிற்றுண்டி அளிக்க முனைந்தது. விருதுநகரிற் பிறந்த காமராசர் 1956-இல் மதிய உணவைப் பள்ளிகள்தோறும் கொண்டு சென்றார். அவர் பயின்ற பள்ளியே, வீடுதோறும் திரட்டிய பிடியரிசியால் ஒரு சமுதாயத்தார் தாமே வளர்த்த பள்ளி. நம் சங்கத்தாரும் இதனை எண்ணிப் பார்க்கலாம். 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கப்பட்டது. நாம் பயின்ற காலத்தில் கிடைத்தது அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் மாவில் கிண்டிய உப்புமா. அதன் மணம் இன்றும் நாசியில் நிற்கிறது. அதனினும் நினைவில் நிற்பது, மேலத்தெருப் பிள்ளையின் முழங்கால் நம் முழங்காலில் இடித்துக்கொண்டு ஒரே வரிசையில் அமர்ந்தமை. ஊரில் வேறெங்கும் அது நடவாது.

ஆயினும் பந்தி ஒன்றானபின், சமைக்கும் கை எவருடையது என்ற வினா எழுந்தது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்து அரசுப் பள்ளியில், நம் சமுதாயப் பெண்மணி சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர். அவர் மாற்றப்பட்டதும், கண்டனம் எழுந்தபின் மீண்டும் அங்கேயே அமர்த்தப்பட்டதும் நாளிதழ்களில் வந்த செய்திகள். நம் பள்ளியில் நாள்தோறும் பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் ஒரு கரண்டிச் சோற்றைச் சுவைத்துப் பார்த்தல் நம் கடமை. அந்த ஒரு கரண்டியை உண்ணும்போதெல்லாம் அப்பெண்மணியை நினைத்துக்கொள்வோம்.

இதுகாறும் பிறர் செய்தவற்றைக் கூறினோம். இனி நம்மைப் பற்றி. 1990-களின் பிற்பகுதியில் நாம் முதன்முதல் ஆசிரியப் பணியேற்ற ஊரில், நண்பகலில் ஆசிரியர்கள் கூடியமர்ந்து ஒருவர் கறியை ஒருவர் பகிர்ந்துகொள்வர். நம் தூக்குச்சட்டியின் பக்கம் மட்டும் கரண்டி வாராது. ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு வயிற்றுவலி. ஒருநாள் உப்புக்கண்டக் குழம்பின் மணம் எழுந்தபோது ஒருவர் எழுந்து சன்னலைத் திறந்தார். அன்று மாலை நம் அன்னையாரிடம், "இனிமே எலுமிச்சங்காய்ச் சோறு மட்டும் கட்டும்மா, போதும்" என்றோம். "ஏம்யா, கொழம்பு நல்லால்லையா?" என்று கேட்டார். ஆம் என்று பொய் கூறினோம். ஆறு ஆண்டுகள் எலுமிச்சைச் சோறு தின்றோம். தம் குழம்பின் சுவை குன்றிவிட்டதென்று எண்ணியபடியே அவர் மறைந்தார். நம் வாழ்வில் நாம் பெற்ற அவமதிப்புகளுள், நாமே இழைத்த இது ஒன்றுதான் இன்னும் ஆறவில்லை.

ஈண்டு ஒரு வேற்றுமையைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அம்பேத்கர் 1927-இல் மகாடு மாநாட்டிலேயே, செத்த மாட்டின் இறைச்சியையும் பிறர் எறியும் எச்சிலையும் விட்டொழியுங்கள் என்று நம்மவர்க்கு அறிவுறுத்தினார். இறந்த மாட்டை அகற்றும் கட்டாயத் தொழிலோடும், அண்டிப் பிழைக்கும் நிலையோடும் கட்டுண்ட உணவு அது. அதை விட்டது விடுதலை. 1948-இல் அவர் வெளியிட்ட தீண்டத்தகாதோர் பற்றிய ஆராய்ச்சி நூலிலோ, மாட்டிறைச்சியை உண்டதே நம்மை விலக்கி வைத்தமைக்கு ஒரு காரணமாயிற்று என்று வரலாற்று முறையில் வாதிட்டார். எச்சிலை விடுதல் வேறு. நம் உழைப்பில் வாங்கி, நம் அடுப்பில் ஆக்கி, நம் பிள்ளைகளுக்கு இட்டதைக் கண்டு நாணுதல் வேறு. நாம் முன்னதைச் செய்ததாக எண்ணிக்கொண்டு பின்னதைச் செய்தோம். சுவை கருதியோ உடல்நலம் கருதியோ கொள்கை கருதியோ புலால் விடுப்போர் நம்மிலும் உளர். அவர்கள் செயல் மதிக்கத்தக்கது. சன்னல் திறக்கப்பட்டமைக்கு அஞ்சி விட்டவர் நாம்.

அமெரிக்கக் கறுப்பினத்தார் அடிமைக் காலத்தில் பண்ணையார் கழித்த பன்றிக்குடலையும் காலையும் கீரையையும் சமைத்துப் பிழைத்தனர். 1960-களில் அவ்வுணவுக்கு 'ஆன்ம உணவு' எனப் பெயரிட்டுத் தலைநிமிர்ந்து பரிமாறினர். மராட்டியத்தில் சாகு பாட்டோளே என்பார் தம் மக்களின் சமையலை 2015-இல் நூலாகவே எழுதினார்; 2024-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. நம் கரிசலில் அத்தகைய நூல் ஒன்று வரவேண்டும். ஏனெனில் பொருள்கள் கைமாறுகின்றன. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. நடுவணரசு கம்புக்கும் கேழ்வரகுக்கும் 'ஸ்ரீ அன்ன' என்று பெயர் சூட்டியது. நகரக் கடைகளில் குதிரைவாலி பளபளப்பான பையில், அரிசியினும் கூடிய விலைக்கு விற்கிறது. மதுரை உணவகங்களில் குடற்குழம்பும் சுவரொட்டியும் சிறப்பு உணவுகள். பெயரும் விலையும் உயர்ந்தன. அவற்றைப் பக்குவமாய் ஆக்கி வைத்திருந்தவர் பெயர் மட்டும் அப்பையின்மேல் இல்லை.

இன்னொன்றையும் கூறாது விடின் நாம் நேர்மையுடையவராகோம். நம்முள்ளேயே ஒரு தெருவார் மற்றொரு தெருவில் கைநனைப்பதில்லை. துப்புரவுப் பணி புரியும் உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்று, மொய் எழுதிவிட்டு, "சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்று கூறித் திரும்பியோர் இம்மலரைப் படிப்போருள்ளும் இருப்பர். அவர்களுக்கும் நம்மைச் சிரட்டையில் வைத்தவர்க்கும் என்ன வேற்றுமை என்பதை அவர்களே கூறட்டும். இவ்வகையில், பட்டாசு ஆலை மரத்தடியில் கூடும் மகளிர் நமக்கு ஆசான்கள். அலுமினியப் பொடி படிந்த கையைக் கழுவிவிட்டு, பல ஊர்ப் பெண்டிரும் தூக்குச்சட்டிகளைத் திறந்து, "இந்தா, எங்க வீட்டு வெஞ்சனம்" என்று ஒருவர் மூடியில் ஒருவர் வைப்பதை நேரிற் கண்டிருக்கிறோம். எல்லாக் குழுக்களும் அப்படியல்ல. ஆயினும் சில உண்டு.

விழாக்குழுவின் இரண்டாங் கூட்டத்தில் எழுந்து நின்று, சென்ற முறை உயர்த்திய கையைத் திரும்பப் பெறுகிறோம் என்றோம். சிலர் நகைத்தனர். மீண்டும் வாக்கெடுத்தனர். சைவமும் ஆட்டுக்கறியும் ஒரே பந்தியில் பரிமாறுவதென முடிவாயிற்று. மாட்டுக்கறியும் வேண்டுமென்ற இளைஞர்கள் நான்கு வாக்கில் தோற்றனர். அது விருப்பத்தால் நேர்ந்த தோல்வியா அச்சத்தால் நேர்ந்த தோல்வியா என்பதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுத இடமில்லை. சமையலுக்கு வெளியாரை அழைப்பதில்லை. நம் மூன்று தெருப் பெண்களும் சேர்ந்தே ஆக்குவதென ஒப்பினர். துப்புரவுப் பணியாளர் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் குழம்புக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். முதற் கும்பாவில் குதிரைவாலிச் சோறு. கடைப் பையில் வருவது வேண்டாம், உமியோடு வாங்கிக் குத்துவோம் என்று எழுபது வயது கடந்த பாட்டி ஒருவர் பிடிவாதமாக நிற்கிறார். தானியத்துக்குச் சாத்தூர்ப் பக்கம் சொல்லி வைத்தாயிற்று. உலக்கை இரண்டு கிடைத்துவிட்டன. கல்லுரல்தான் எந்த வீட்டிலும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.